நுனி மழுங்கிய மாத்திரை

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்காரர் என் மருந்துக் கடைக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. "உங்ககிட்ட குடுத்துடச் சொல்லிட்டுத்தான் போனா. ஒரு வருஷமா அலமாரியிலயே கெடந்துச்சு. எனக்குத்தான் எடுக்க மனசு வரல," என்றார். டீ வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று கிளம்பிவிட்டார். பையைப் பிரித்தால், நீ தண்ணீர் வடிகட்டும் வெள்ளைத் துணியில் சுற்றி, உன் மாத்திரை அச்சு. ஆறு குழி, நடுவில் திருகு, இரண்டாகப் பிளக்கும் அந்த அலுமினிய அச்சு. கல்லூரியில் பழசாகிவிட்டது என்று ஒதுக்கியபோது நீ கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொண்டாயே, அதேதான்.

மூக்கருகே கொண்டுபோனேன். குழிகளுக்குள் இன்னும் கோகோ கொழுப்பின் வாசனை இருந்தது. திறந்து வைத்த பழைய பிஸ்கட் டப்பா போல. இருபது வருஷம் கழுவியும் போகாத வாசனை. "அடிப்பாவி," என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். மாத்திரை வாங்க வந்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அச்சை எடுத்து ஃப்ரிட்ஜ் மேலே வைத்தேன். அங்கே வைத்திருக்கக் கூடாது. ஃப்ரிட்ஜைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் அது என் முகத்தைப் பார்த்தது. கடைசியில் நேற்று என்னைப் பஸ் ஏற வைத்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நீ படிக்கப் போவதில்லை என்று தெரியும். தெரிந்தும் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

அந்த முதல் சப்போசிட்டரி வகுப்பு உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஆசனவாயில் வைக்கும் மாத்திரை என்று சார் கரும்பலகையில் எழுதியதும் வகுப்பே சிரித்தது. நீ மட்டும் சிரிக்கவில்லை. மருந்தைப் பொடி செய்து, உருக்கிய கொழுப்பில் கலந்து, அச்சில் ஊற்ற வேண்டும். நான் கல்வத்தைப் பிடித்துக்கொண்டு அரைத்தேன் பார், கை ஓய அரைத்தேன். எவ்வளவு நைசாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பது என் எண்ணம். அத்தனையையும் கொழுப்பில் கொட்டிக் கலக்கினால், ஊற்றவே வரவில்லை. கரண்டியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நீ எட்டிப் பார்த்தாய்.

"இன்னாடி, ஆடி மாசத்துக்குக் கூழு ஊத்தறியா?"

எனக்கு வந்த கோபத்துக்கு உன் தலையிலேயே அதைக் கவிழ்த்திருப்பேன். நீ பாட்டுக்கு உன் சல்லடையை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய். "ரொம்ப மாவாக்கினாலும் வம்புதான்டி. கொழுப்பு கூழாயிடும். ஈசியா கரையற மருந்தா இருந்தா, அந்தக் கூழுக்குள்ளயே மாட்டிக்கினு வெளிய வர நேரமாவும். சீக்கிரம் கரையாத மருந்துன்னாத்தான் நைசா வேணும். மருந்து எதுன்னு மொதல்ல பாரு, அப்புறம் அரை." என் வயசுதான் உனக்கும். பேச்சு மட்டும் பாட்டன் காலத்துப் பேச்சு.

அடுத்த வாரம் ஜெலட்டின் வைத்துச் செய்யும் பாடம். நீ தொடமாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாய். எலும்பையும் தோலையும் வேகவைத்து எடுப்பதாம். உங்கள் சமண வீட்டில் பொழுது சாய்ந்தால் தண்ணீர்கூட வாயில் படாது. எலும்புக் கூழைக் கிண்டுவாயா? "நைனார் வீட்டுப் பொண்ணு ஃபார்மசி படிக்க வந்தா இப்படித்தான்," என்று கிண்டல் செய்துகொண்டே உன்னுடையதையும் நானே கிண்டினேன். அன்றைக்குப் போட்ட ஒப்பந்தம் அது. ஜெலட்டின் வேலை எனக்கு, சல்லடை வேலை உனக்கு. படிப்பு முடியும் வரை அப்படித்தான் ஓட்டினோம்.

அதன் பிறகு நீ புதுச்சேரிப் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தாய். நான் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை போட்டேன். எங்கள் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவோம், அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு மல்லாட்டை பிடுங்கியவர். எங்கள் தெருவிலிருந்து போய்க் கடைவீதியில் பலகை மாட்டிய முதல் ஆள் நான்தான். இதை எதற்குச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். சாக்குச் சொல்வதற்காகத்தான் சொல்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய அந்த வெயில் கால அமாவாசை. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற ஜனம் முழுக்க நம்ம பஸ் ஸ்டாண்டில். தலைவலி மாத்திரை, உப்புச் சர்க்கரைப் பாக்கெட், குழந்தைக்குப் பேதி மருந்து என்று கடை வாசலில் ஆள்மேல் ஆள். காலையிலிருந்து கரண்ட் வேறு இல்லை. மூன்று மணிக்குத்தான் வந்தது. நம்ம ஊர் வெயில் உனக்குச் சொல்ல வேண்டுமா? மலைப்பாறை சூட்டை வாங்கி வாங்கி ஊர் மேலேயே திருப்பி விடும். ஃப்ரிட்ஜுக்குள் கை விட்டால் அடுப்படி மாதிரி இருந்தது.

சப்போசிட்டரி பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறைக்குள் எல்லாம் எண்ணெயாக அசைந்தது. காலையில் அவசரத்தில் பெட்டியைத் தலைகீழாகச் செருகியிருக்கிறேன், நுனி மேலே, அடிப்பக்கம் கீழே. கரண்ட் வந்ததும் அப்படியே ஐஸ் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். ஒரு மணி நேரத்தில் கல்லாகிவிட்டது. அப்பாடா என்று இருந்தது.

சாயங்காலம் செல்வி வந்தாள். சீயமங்கலத்துப் பெண். இரண்டு வயதுக் குழந்தை தோளில் துவண்டு கிடந்தது. போன காய்ச்சலில் ஒரு முறை வலிப்பு வந்த குழந்தை. வாயில் ஊற்றினால் எல்லாம் வாந்தி. அதனால் டாக்டர் ஆசனவாய் மாத்திரை எழுதியிருந்தார், சின்ன அளவு. என்னிடம் சின்னது இல்லை. பெரியதை எடுத்துக் கொடுத்து, "நடுவுல குறுக்க வெட்டிப் பாதி வைங்க. காய்ச்சல் எறங்கிடும்," என்றேன். கொடுக்கும்போதே பார்த்தேன், நுனி கொஞ்சம் மழுங்கியிருந்தது. உறைக்குள் இருந்த காற்று, தலைகீழாக இருந்தபோது நுனிக்குப் போய் அங்கேயே நின்றுவிட, கொழுப்பு அதற்குக் கீழே உறைந்திருக்கிறது. பார்த்தேன். பின்னால் நாலு பேர் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். கொடுத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ வழக்கம்போல என் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாய். செல்வி திரும்ப வந்தாள். கையில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. அதற்குள் ஈரத்துணியில் சுற்றிய அந்த மிச்சப் பாதி.

"அக்கா, இது மீதி இருக்குது. பானைத் தண்ணி பக்கத்துலயே வெச்சிருந்தேன். மறுபடி காய்ச்சல் வந்தா இத வைக்கலாமா?"

குழந்தை எப்படி இருக்கிறது என்று நீதான் கேட்டாய். அவள் சொல்ல ஆரம்பித்தாள். நுனிப் பாதியை வைத்தாளாம். காய்ச்சல் இறங்கவே இல்லையாம். மறுபடி செஞ்சிக்குத் தூக்கிக்கொண்டு வரும்போது பஸ்ஸிலேயே வலிப்பு. டிரைவர் எங்கேயும் நிறுத்தாமல் நேராக அரசு ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து விட்டிருக்கிறார். இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்களாம். இப்போது தேவலையாம்.

"எம்மேலதாங்க்கா தப்பு. கை நடுங்கிச்சு. சரியா உள்ள போவல போல. எங்க மாமியா அன்னிலேர்ந்து கொழந்தைக்கு மருந்தே என்னைக் குடுக்க உடறதில்ல. ஒன் கையே ஆவாதுன்றாங்க."

நீ அந்த டப்பாவை வாங்கிக்கொண்டாய். "இத வைக்காதம்மா. எங்ககிட்டயே இருக்கட்டும்," என்று மட்டும் சொன்னாய். அவள் தெருவில் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினாய்.

"வெதுவெதுன்னு தண்ணி எடுத்துக்கினு வாடி."

கண்ணாடிக் குப்பியில் அந்தப் பாதியைப் போட்டு வெந்நீரில் நிறுத்தினாய். கொழுப்பு உருகியது. அடியில் வெள்ளையாகப் பொடி திட்டுத் திட்டாக இறங்கி உட்கார்ந்தது. ரவையைத் தண்ணீரில் போட்டதுபோல. நீ பெட்டியைக் கேட்டாய். எல்லா நுனியும் மழுங்கல். ஒன்றைக் குறுக்கே வெட்டி நுனிப் பாதியை உருக்கினாய். கண்ணாடி மாதிரி தெளிவாக நின்றது.

"கரண்ட் எத்தினி மணி நேரம் போச்சு?"

"காலையிலேர்ந்து மூணு மணி வரைக்கும்."

"பெட்டிய தலகீழா வெச்சியா?"

நான் கையை நீட்டிப் பெட்டியை நேராக நிமிர்த்தி வைத்தேன். "இதுல மருந்தே இல்லடி. அந்தப் புள்ளைக்கு வெறும் கொழுப்பத்தான் வெச்சிருக்குது அந்தப் பொண்ணு," என்றாய்.

அதே ஃப்ரிட்ஜில் அதே நாள் உருகி உறைந்த இன்னொரு கம்பெனிப் பெட்டியையும் எடுத்து வெட்டினாய். இரண்டு பாதியையும் உருக்கினால் இரண்டும் ஒரே மாதிரி பால் போலக் கலங்கி நின்றன. "பாத்தியா, இவன் நல்லா அரைச்சிருக்கான். மைதா மாதிரி. உருகினாலும் லேசுல எறங்கல. அவன் ரவையாவே போட்டுட்டான், மொத்தமும் அடியில போய் உக்காந்துடுச்சு." அத்தோடு நிறுத்தினாயா? இல்லை. உனக்கு ஆரம்பித்தால் முடிக்க வேண்டும். "அதுவும் இந்தக் காய்ச்சல் மருந்து லேசுல கரையாதது. அந்த எடத்துல தண்ணி எவ்ளோடி இருக்கும்? ஒரு ஸ்பூன்கூட இருக்காது. அதுல கரைஞ்சாத்தான் ரத்தத்துக்குப் போவும். ரவையா போட்டா எப்பக் கரைஞ்சு, எப்பக் காய்ச்சல் எறங்கறது? இந்த மீதிப் பாதிய அந்தப் பொண்ணு அடுத்த தபா வெச்சிருந்தா, ரெண்டு பங்கு மருந்து மொத்தமா போயிருக்கும்."

பெட்டியை எடுத்துக் குப்பையில் போட்டேன். இனி உருகியதை விற்கமாட்டேன் என்றேன். பாதி வேண்டுமென்றால் நீளவாக்கில் வெட்டச் சொல்கிறேன், அப்போதுதான் நுனியும் அடியும் இரண்டு பாதியிலும் சமமாக வரும் என்றேன். எல்லாம் சரியாகத்தான் சொன்னேன். நீ அசையவில்லை.

"அதெல்லாம் இனிமேக்கு. இப்ப அந்தப் பொண்ணு தன் கையாலதான் கெட்டுப் போச்சுன்னு நெனச்சிக்கினு இருக்குது. போயி சொல்லு."

"சொன்னா கடை பேரு இன்னாவும்? தெரு பூரா பேசுவாங்க. எங்க நைனா..."

"ஒங்க நைனாவ எதுக்குடி இழுக்கற?"

அன்றைக்கு உன்னை என்ன பேசினேன் என்று எழுத எனக்குக் கூசுகிறது. நீ மாசச் சம்பளம் வாங்குகிறவள், உனக்கென்ன தெரியும் என்றேன். தலைமுறையாகக் கடைவீதியில் இருக்கிற குடும்பத்துக்கு ஒரு பேர் போனால் இன்னொரு பேர் வரும், எங்களுக்கு வருமா என்றேன். நீ டப்பாவைக் கழுவித் துடைத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாய். நாலு மாதம் என் கடைப் பக்கம் வரவே இல்லை. நானும் போன் செய்யவில்லை. இரண்டு பேருக்கும் திமிர்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுமே நடக்காததுபோல வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாய். முகம் கறுத்து, கழுத்தெலும்பு தெரிய. "வயித்துல கட்டியாம்டி," என்றாய். பஸ் லேட் என்று சொல்கிற குரலில். நான்தான் உள்ளே போய் அழுதுவிட்டு வந்தேன்.

அந்த ஒரு வருஷத்தில் வாரத்துக்கு மூன்று முறையாவது உன் வீட்டுக்கு வந்தேன். மாத்திரை உனக்குத் தங்கவில்லை, எல்லாம் வாந்தி. டாக்டர் வலிக்கு ஆசனவாய் மாத்திரை எழுதினார். அதுவும் வலி உச்சத்துக்கு வருவது பொழுது சாய்ந்த பிறகுதான். அந்த நிலையிலும் இருட்டினால் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டாய். நான் சத்தம் போட்டால் சிரிப்பாய். "வாய் வழியா போனாத்தானடி தப்பு. இது கணக்குல வராது. எங்க பெரியவங்களுக்கு இப்படி ஒரு வழி இருக்குதுன்னு தெரியல, பாவம்." உன் வீட்டுக்காரர்கூட அன்றைக்குச் சிரித்தார்.

சிரித்துவிட்டு மறு நிமிஷமே வேலையை ஆரம்பித்துவிடுவாய். எத்தனை மணிக்கு வைத்தது, எத்தனை மணிக்கு வலி குறைந்தது என்று ஒரு நோட்டில் குறிப்பாய். ஒரு கம்பெனி மாத்திரை அரை மணியில் கேட்டது, இன்னொன்று ஒரு மணிக்கு மேல் இழுத்தது. "இவன் பெரும்பொடிடி. ஒண்ண உருக்கிப் பாரு," என்றாய்.

"வலியில துடிக்கற, இப்பவுமா டெஸ்டு? செத்த நேரம் சும்மா படேன்!"

"பின்ன? வலிக்கறது எனக்குத்தானே."

உருக்கினேன். நீ சொன்னதுதான் சரி. அடியில் ரவை. மறுநாளிலிருந்து மற்றதைத்தான் கொண்டுவந்தேன், தெர்மாஸ் குடுவையில் ஐஸ் போட்டு, நுனி கீழே பார்க்க நிறுத்தி. அதை நீ கவனித்தாய். அன்றைக்குத்தான் கேட்டாய்.

"சீயமங்கலத்துப் பொண்ணுகிட்ட சொன்னியா?"

நீ படுத்திருந்த கோலத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி இல்லை என்பேன்? "சொல்லிட்டேன்," என்றேன்.

"போயி சொன்னியா?"

"போயித்தான்."

"இன்னா சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லல. சரிக்கான்னுச்சு."

நீ என் கையைப் பிடித்து, "நல்லதுடி," என்றாய். உன் கை சுட்டது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும், ஒரு பொய்யில் உனக்கு நிம்மதி கிடைத்தால் அது தப்பா என்று வழியெல்லாம் எனக்கு நானே வாதாடிக்கொண்டு போனேன். உன் நிம்மதிக்காகச் சொன்ன பொய் இல்லை அது. எனக்குப் பஸ் ஏறப் பயம். அவ்வளவுதான்.

அதற்கு அடுத்த வாரம் உனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. சீயமங்கலம் மலையில் உங்கள் தீர்த்தங்கரரைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, கார் வைத்துப் போய் வந்தாய். "ஏற முடியல. கீழேர்ந்தே கும்பிட்டேன்," என்றாய். ஊர் பேரைக் கேட்டதும் நான் தெர்மாஸ் குடுவையைத் திறந்து ஐஸைப் பார்க்க ஆரம்பித்தேன். நீ வெகு நேரம் என் முகத்தையே பார்த்தாய். "சாப்டியா?" என்று கேட்டாய். அதற்குப் பிறகு செல்வியின் பேச்சை நீ எடுக்கவே இல்லை. தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். நீ போகிற வரைக்கும், போன பிறகும்.

நேற்றுக் காலையில் மறுபடி கரண்ட் இல்லை. கம்பி மாற்றுகிறார்களாம், மதியத்துக்கு மேல்தான் வந்தது. ஃப்ரிட்ஜைத் திறந்து பெட்டியைத் தொட்டேன். உள்ளே அசைந்தது. புதுப் பெட்டி, நேற்று முன்தினம் வந்தது. என் கை என்ன செய்தது தெரியுமா? ஐஸ் அறைக் கதவைத் திறந்தது. அத்தனை நடந்த பிறகும், இத்தனை தெரிந்த பிறகும், கை அதன் பழக்கத்தில் போனது. நிமிர்ந்தால் உன் அச்சு.

பெட்டியைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். ஷட்டரை இழுத்தேன். எதிர்க் கடைக்காரர், "இன்னாம்மா, பட்டப்பகல்ல மூடற?" என்றார். "வேல இருக்குதுண்ணே," என்று சொல்லிவிட்டுச் சீயமங்கலம் போகத் தேசூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் இறங்கிவிடலாமா என்று தோன்றியது. கண்டக்டர் வந்துவிட்டார்.

செல்வி வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தேன். வாசலில் மல்லாட்டை உரித்து, வேர்க்கடலைப் பருப்பை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மாமியார். குழந்தைக்கு ஐந்து வயதாகிவிட்டது. யாழினியாம் பேர். ஒரு பல் விழுந்த வாயோடு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தோலையெல்லாம் ஒரு பக்கம் குவித்து விளையாடிக்கொண்டிருந்தது. வலிப்பு பிறகு வரவே இல்லையாம். செல்விக்கு என்னை உடனே அடையாளம் தெரிந்தது. தண்ணீர் கொண்டுவந்தாள். நான் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னேன். கரண்ட் போனது, பெட்டி தலைகீழாக இருந்தது, மருந்தெல்லாம் அடியில் இறங்கியது, நுனி மழுங்கியிருந்ததைப் பார்த்தும் கொடுத்தது, குறுக்கே வெட்டச் சொன்னது. ஒன்று விடவில்லை.

"ஒங்கையில ஒண்ணும் இல்ல செல்வி. நீ சரியாத்தான் வெச்ச. நீ வெச்சதுல மருந்து இல்ல. அது என் தப்பு."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டியா அத்த?" என்றாள். கிழவி எழுந்து உள்ளே போய்விட்டாள். பிறகு செல்வி என்னைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன்.

"நீங்கதானாக்கா அது?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"ஒங்க கடையில அன்னிக்கு உக்காந்திருந்தாங்களே, ஒரு அக்கா. அவங்க வந்தாங்க. மலைக்குச் சாமி பாக்க வந்தேன்னாங்க. கார்லேர்ந்து ரெண்டு பேர் புடிச்சுத்தான் எறக்கினாங்க. கடையிலேர்ந்து யாராச்சும் வந்தாங்களான்னு கேட்டாங்க. யாரும் வரலியேன்னேன். அப்புறம் என் ரெண்டு கையையும் புடிச்சிக்கினு, ஒங்கையில தப்பு இல்லம்மா, ஏன்னு ஒருத்தங்க வந்து சொல்லுவாங்கன்னாங்க. நீங்களே சொல்லுங்களேன்னு கேட்டேன். அவங்கதாம்மா சொல்லணும்னுட்டாங்க."

குடித்துவிட்டுக் கொடுக்க வேண்டிய சொம்பு என் கையில் அப்படியே இருந்தது.

"எப்ப வருவாங்கன்னு கேட்டேன்க்கா. தெரியாது, ஆனா வருவாங்கன்னு சொன்னாங்க. நானும் பாத்துக்கினே இருந்தேன்." அப்புறம்தான் அவள் குரல் மாறியது. "இத்தினி நாளு இன்னாக்கா பண்ணீங்க?"

பஸ் ஏறப் பயம் என்றுதான் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் மல்லாட்டை உரித்தாள். நான் கிளம்பும்போது, குழந்தைக்கு நாளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். இந்த வயசுக்கு வாய் வழியாகவே கொடுக்கலாம், அளவை டாக்டர் சொல்வார் என்றேன். "நானே குடுக்கலாமில்ல?" என்றாள். "நீயேதான் குடுக்கணும்," என்றேன். உள்ளே பார்த்து, கிழவிக்குக் கேட்க வேண்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

பஸ்ஸில் அழுதேன்டி. மானம் கெட்டு, பக்கத்து சீட்டுக்காரி முந்தானையை நீட்டுகிற அளவுக்கு அழுதேன். இவ்வளவும் தெரிந்து வைத்துக்கொண்டா என்னிடம் "சாப்டியா?" என்று கேட்டாய்? ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே. கூழ் கிண்டியதற்கே அத்தனை கிண்டல் செய்த வாய்தானே அது! உன்மேல் கோபம் கோபமாக வருகிறது. காட்டுவதற்குத்தான் நீ இல்லை.

அச்சு ஃப்ரிட்ஜ் மேலேயே இருக்கிறது. அங்கேயேதான் இருக்கும். உருகிய பெட்டி எதுவும் இனி உறையாது, குப்பைக்குத்தான் போகும். பாதி மாத்திரை கேட்கிறவர்களுக்கு உறைமேல் பேனாவால் நீளவாக்கில் ஒரு கோடு போட்டு, இப்படி வெட்டுங்க, குறுக்கே வெட்டாதீங்க என்று இரண்டு தரம் சொல்கிறேன். பின்னால் எத்தனை பேர் கை நீட்டி நின்றாலும் சொல்கிறேன். இதெல்லாம் நீ கொடுத்ததுதான், ஆனாலும் இவை பழகிவிட்டன, கனமில்லை.

கனமாக இருப்பது செல்வி சொன்ன அந்த ஒரு வார்த்தைதான். வருவாங்க என்று சொன்னாயாம். அதை நீ சொன்னபோது, நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு பொய் சொல்லி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.